இடக் கழுத்தில் ஓர் ஆன்மா

சனிக்கிழமை மதியமானால் வெஸ்தர்வியர் ஊர்க்கூடத்து வாசலில் மனிதர்களும் மிருகங்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மிருகங்கள் பொறுமையாக நின்றன. முண்டியடித்ததெல்லாம் மனிதர்கள்தான்.

நெதர்லாந்தின் வடகோடி மாகாணமான ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் லேசில் எதையும் நம்புகிறவர்கள் அல்ல. வானிலை அறிக்கையை நம்ப மாட்டார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிற எதையும் நம்ப மாட்டார்கள். பாதிரியார் சொர்க்கத்தைப் பற்றிப் பேசினால், "நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிற பரம்பரை. அப்பேர்ப்பட்டவர்கள், லாம்பெர்ட் என்கிற ஒரு மனிதர் பூனையின் கழுத்தில் கை வைத்து, "இவள் பெயர் மின்னா" என்றதும் வாயைப் பிளந்தார்கள். ஏனென்றால் அந்தப் பூனையின் பெயர் மின்னாவேதான்!

லாம்பெர்ட் விலங்குகளின் ஆன்மாவோடு பேசுகிறவர். அப்படித்தான் அவருடைய விளம்பரத் தாளில் போட்டிருந்தது. காதை மூடிய நரைமுடி. முழங்கைக்குக் கீழே தொளதொளவென்று தொங்கும் கம்பளி அங்கி. ஜூலை வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார். கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, அன்பளிப்புதான். அன்பளிப்பு எவ்வளவு என்பதை மட்டும் வாசலில் இருந்த கருவி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தது. வங்கி அட்டையை அதன்மேல் காட்டினால் 'பீப்'. தொடாமலேயே அட்டை யாருடையது என்று அந்தக் கருவிக்குத் தெரிந்துவிட்டது. அதை யாரும் அற்புதம் என்று சொல்லவில்லை.

நின்காவுக்கு முதல் சந்தேகம் வந்தது காப்பி கொடுத்தபோது. அந்த ஊரில் காப்பிக்கு ஒரு பிஸ்கெட். கல்யாணமானாலும் கருமாதியானாலும் ஒன்றுதான். எடுத்தவுடன் டப்பா மூடப்படும். லாம்பெர்ட்டின் கூட்டத்தில் டப்பா இரண்டாவது சுற்று வந்தது.

"இரண்டாவது பிஸ்கெட் குடுக்கிறவன் எதையோ எடுத்துக்கப் போறான்" என்று நின்கா தம்பியின் காதில் சொன்னாள்.

"சும்மா இருக்கியா அக்கா!" என்றான் டௌவே. அவன் மடியில் தொம்கா தலையை வைத்துப் படுத்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமான கிழட்டு நாய். அதன் வயிற்றில் ஒரு கட்டி. வியாழக்கிழமை அறுவை செய்ய வேண்டும் என்று கால்நடை மருத்துவர் ரென்ஸ்கா நாள் குறித்திருந்தார். மனைவி இறந்த பிறகு டௌவே வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஜீவன் அந்த நாய்தான். அறுவை மேசையில் அது கண்மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் இங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

முதலில் பக்கத்து வீட்டு சீட்ஸ்கா போனாள், பூனையோடு. லாம்பெர்ட் பூனையின் கழுத்தில், இடப்பக்கமாக, உள்ளங்கையை வைத்தார்.

"விலங்குகளுக்கு ஆன்மாவின் வாசல் இடக் கழுத்தில் இருக்கிறது" என்றார். கண்ணை மூடி "ம்ம்ம்" என்று முனகினார். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் முனகினார். பிறகு, "மின்னா. ஆறு வயசு. பழைய வீட்டு ஜன்னலை நினைச்சு ஏங்குறா. தேவாலயத் தெருவில இருந்த வீடு."

"ஐயோ, அங்கதாங்க இருந்தோம்! போன வருஷந்தான் காலி பண்ணினோம்!" சீட்ஸ்கா அழுதே விட்டாள்.

அடுத்து பண்ணைக்கார ஹோசே, வைக்கோல் போரில் பிறந்த ஒரு பூனையை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தான். லாம்பெர்ட் கை வைத்தார், முனகினார், கையை எடுத்தார்.

"இது மூடிய ஆன்மா. பேச மறுக்குது."

"எலி பிடிக்கும்போது மறுக்கிறதில்லையே" என்றான் ஹோசே.

அதற்கப்புறம் ஒரு வேட்டை நாய். கழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை போலும். லாம்பெர்ட்டின் கை மெல்லக் கீழே இறங்கியது; தோளைத் தடவியது; முழங்கால்வரை போனது. "ஆகா, துக்கத்தில் இவனோட ஆன்மா கீழே இறங்கிடுச்சு" என்று முகம் மலர்ந்து, பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தார்.

பிறகு தொம்கா. முனகல் இந்த முறை கொஞ்சம் நீண்டது.

"இவனை நீங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க?"

"தொம்கா."

"அது நீங்க வெச்ச பேர். தன்னோட உண்மையான பேரை இப்ப என்கிட்டச் சொல்றான். அட்மிரல். உப்புக்காத்து... ஹார்லிங்கன் துறைமுகம்... அங்க இருந்தவன் இவன்."

டௌவேயின் முகம் வெளுத்தது. தொம்காவை ட்ராக்டனில் ஒரு பெண் கொடுத்தாள். அவளுக்கு யாரோ கொடுத்தது. பழைய பெயர் அவளுக்கே தெரியாது.

"அட்மிரல்?" என்றான் டௌவே, நாயைக் குனிந்து பார்த்து. நாய் வாலை ஆட்டியது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"ஐயா, வியாழக்கிழமை இவனுக்கு ஆபரேஷன். பயப்படுறானா?"

லாம்பெர்ட் தலையை ஆட்டினார். "கத்தின்னா நடுங்குறான். கத்தியை அவன் பக்கத்துல கொண்டு வரவே கூடாதுங்கிறான். வாராவாரம் என்கிட்டக் கொண்டு வாங்க. கட்டியைக் கரைய வெச்சிடலாம்."

அன்றைக்கே டௌவே அறுவையை ரத்து செய்துவிட்டான்.

*

மறுநாள் தம்பி வீட்டு அடுக்களையில் நின்கா கத்திய கத்தலுக்கு, கால்வாயில் கிடந்த வாத்துகள் எழுந்து பறந்தன.

"உனக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் மாட்டோட சேத்து வித்துட்டியா?"

"அவர் பேரைச் சொன்னாருக்கா. எனக்கே தெரியாத பேரை. அதுக்கு என்ன சொல்றே?"

"என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"பாத்தியா!"

"எனக்குத் தெரியலைன்னா அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியலைங்கிறதுதான்டா. அவனுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?"

டௌவே காப்பியை மட்டும் கலக்கிக்கொண்டிருந்தான். சர்க்கரை போடாத காப்பி. "இவன் கத்திக்குப் பயப்படுறான்கா" என்றான் கடைசியில். "நான் எப்படி இவனைப் பிடிச்சுக் குடுப்பேன்?"

மேசைக்கடியில் தொம்கா நிம்மதியாகக் குறட்டை விட்டது. கத்தியைப் பற்றி அது என்ன நினைத்தது என்று தெரியவில்லை. சமையல் கத்தியை எடுத்தால் மட்டும் அது எழுந்து உட்காரும். இறைச்சி கிடைக்கும் என்று.

செவ்வாய்க்கிழமை டௌவே தேவாலயத்துப் பாட்டுக்குழுவுக்குப் போன நேரம் பார்த்து, நின்கா நாயைக் கிளப்பிக்கொண்டு ரென்ஸ்காவிடம் போனாள். இன்னும் எத்தனை நாள் தள்ளலாம் என்றாவது கேட்கலாமே.

ரென்ஸ்கா தலைவாரும் பிரஷ் அளவுக்கு ஒரு கருவியை எடுத்தார். நாயின் கழுத்தருகே கொண்டுபோனார். இடப்பக்கம். 'பீப்'. கணினித் திரையைப் பார்த்தார்.

"என்னடா அட்மிரல், வயிறு எப்படி இருக்கு?"

நின்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்! நீங்களும் ஆன்மாவோட பேச ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஆன்மாவா? சிப்போட பேசினேன்." ரென்ஸ்கா சிரித்தார். "பதிவை மாத்துங்க, மாத்துங்கன்னு உங்க தம்பிகிட்டச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுப் போச்சு. இன்னும் ஹார்லிங்கன்ல எவரோ ஒரு படகுக்காரர் பேர்லதான் இருக்கு. நாய் பேர் அட்மிரல்."

"ஹார்லிங்கன்" என்றாள் நின்கா மெதுவாக. "டாக்டர், இந்த சிப்பு விவகாரத்தை எனக்குக் கொஞ்சம் உடைச்சுச் சொல்லுங்க."

ரென்ஸ்கா இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒரு நெல்மணி அளவுக் கண்ணாடிக் குப்பி. உள்ளே மயிரிழைக் கம்பிச் சுருள்.

"ஊசி போடுற மாதிரி தோலுக்கடியில தள்ளிடுவோம். உள்ளே பேட்டரி கிடையாது. சும்மா தூங்கிட்டிருக்கும். இந்தக் கருவி ரேடியோ அலை அனுப்பும். அந்த அலையிலேயே அதுக்கு ஒரு துளி மின்சாரம் கிடைச்சிடும். முழிச்சுக்கும். தன்னோட எண்ணைச் சொல்லும். கருவியை எடுத்தா மறுபடி தூக்கம்."

"பேரைச் சொல்லாதா?"

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. வெறும் எண். அதைப் பதிவேட்டுக் கணினியில போட்டா மத்ததெல்லாம் வரும். நாங்களும் விலங்குக் காப்பகக்காரங்களும் முழுசாப் பாக்கலாம்."

"அட!" நின்கா தொடையில் தட்டிக்கொண்டாள். பாதி வாழ்நாளை லேவார்டன் நகர நூலகத்தில் வேலை பார்த்துக் கழித்தவள் அவள். "எங்க புத்தகங்க மாதிரி! அட்டைக்குள்ள ஒரு வில்லை ஒட்டியிருக்கும். ஒரு அடுக்குப் புத்தகத்தைப் பலகைமேல வெச்சா போதும், ஒண்ணைக்கூடத் திறக்க வேண்டாம், எல்லாத் தலைப்பும் திரையில வந்துடும். சொல்லாம எடுத்துட்டுப் போனா வாசல்ல நிக்கிற தூண் கத்தும்."

"அதே குடும்பந்தான். துணிக்கடையில சட்டையில தொங்குதே, அதுவும்."

"ஏன் இடப்பக்கம்?"

"இங்க நாய்க்கும் பூனைக்கும் இடக் கழுத்துலதான் போடுறது வழக்கம். எல்லாரும் ஒரே இடத்துல தேடலாமில்ல? சிலதுக்கு நாளாக ஆக உள்ளே நழுவி தோளுக்கு, காலுக்குன்னு இறங்கிடும். தேடிப் பிடிக்கணும்."

"துக்கத்துல இறங்கிடும்" என்றாள் நின்கா. "வைக்கோல் போர்ல பொறந்த பூனைக்கு?"

"அதுக்கு யார் சிப் போடுறா?"

"மூடிய ஆன்மா!" நின்கா எழுந்தே நின்றுவிட்டாள். "டாக்டர், இந்தக் கருவி சட்டைக் கைக்குள்ள ஒளிக்கிற மாதிரி வருமா?"

"தட்டையா, மெல்லிசா, எப்படி வேணுமானாலும் வரும். ஏன்?"

நின்கா சொன்னாள். கேட்கக் கேட்க ரென்ஸ்காவின் முகத்தில் சிரிப்பு வற்றியது. கட்டியை அழுத்திப் பார்த்தார். "அடுத்த வாரத்தைத் தாண்டக் கூடாது" என்றார். பிறகு இன்னொரு இழுப்பறையைத் திறந்தார். "பயிற்சிக்கு வர்ற பசங்களுக்குன்னு ஒரு சிப் வெச்சிருக்கேன். பதிவேட்டுல இதுக்குச் சோதனை விலங்குன்னு ஒரு இடம் உண்டு. எந்தப் பேர், எந்தக் குறிப்பு வேணுமானாலும் போடலாம். என்ன பேர் போடட்டும்?"

*

சனிக்கிழமை. கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். அட்மிரல் கதை பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போயிருந்தது. டௌவே முன்வரிசையில் தொம்காவோடு உட்கார்ந்திருந்தான். நின்கா ஒரு மூடிய கூடையோடு வந்தாள்.

"நீ எப்போ பூனை வளக்க ஆரம்பிச்சே?" சீட்ஸ்கா கூடைக்குள் எட்டிப் பார்க்க வந்தாள்.

"நேத்துதான். கிட்டப் போகாதே, வெளிச்சம் ஆகாது அவளுக்கு."

முறை வந்தது. கூடையை மேசைமேல் வைத்தாள். கம்பளிச் சால்வை போர்த்தி, ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு மட்டும் வழி.

"ஐயா, ரொம்பக் கூச்சக்காரி. வெளியே எடுத்தா பிறாண்டுவா. கையை மட்டும் உள்ளே விடுங்க."

லாம்பெர்ட் கருணையோடு புன்னகைத்தார். கையை உள்ளே விட்டார். வெதுவெதுப்பு. மெத்தென்ற ரோமம். உருண்டையான உடம்பு. கண்ணை மூடினார். ம்ம்ம். ம்ம்ம்ம்ம்.

"தியோடோரா" என்றார்.

கூட்டம் "ஆ..." என்றது. நின்கா கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று சீட்ஸ்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பாரசீக இனம். வெள்ளை. ஒன்பது வயசு."

"வேற என்ன சொல்றா ஐயா? எங்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறா."

"சின்ன வயசுல இருட்டுல, பலகைமேல தனியாக் கிடந்திருக்கா. அடிக்கடி தூக்கிப் புரட்டியிருக்காங்க. அதனாலதான் யாரையும் நம்ப மாட்டேங்கிறா."

"பாவம்! சாப்பாட்டுக்கு என்ன குடுக்கட்டும்? பால் குடுக்கலாமா?"

"வேண்டவே வேண்டாம். பால் இவளுக்கு ஆகாது."

"கத்தின்னா பயமா இவளுக்கு?"

லாம்பெர்ட்டின் நெற்றி சுருங்கியது. தலையை மெல்ல ஆட்டினார். "நடுங்குறா. கத்தியை இவ பக்கத்துல கொண்டு வரவே கூடாதுங்கிறா."

முன்வரிசையில் டௌவே நிமிர்ந்தான். போன வாரம் தொம்காவுக்குச் சொன்ன அதே வார்த்தைகள்.

"அப்போ நான் பெரிய பாவிதான்" என்றாள் நின்கா. கைப்பையிலிருந்து கத்தியை எடுத்தாள். சால்வையை உருவினாள்.

உள்ளே ஒரு வெந்நீர்ப் பை. அதன்மேல் நின்காவின் பழைய முயல்ரோமத் தொப்பி. தொப்பியைத் தூக்கினாள். சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டி ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. இருட்டறைப் பலகையில் கிடத்தி, அடிக்கடி புரட்டிப் பழுக்கவைத்தது. அதுவும் எடாம் பாலாடைக்கட்டி! ஃப்ரீஸ்லாந்துக்காரி அடுத்த மாகாணத்துச் சரக்கைக் காசு கொடுத்து வாங்குவதே மானக்கேடு. ஆனால் பூனை மாதிரி உருண்டையாக வேண்டுமே.

ஒரு துண்டு நறுக்கினாள். தியோடோரா நடுங்கவில்லை.

முதலில் ஹோசே சிரித்தான்; அவன் சிரிப்பு வைக்கோல் வண்டி குடை சாய்கிற மாதிரி இருந்தது.

லாம்பெர்ட்டைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது. அவர் கண்ணை மூடி, கையை உயர்த்தினார். "பால் கொடுத்த பசுவோட ஆன்மா இதில தங்கியிருக்கு! அதுதான் பேசிச்சு!"

நம்ப மாட்டீர்கள். மூன்று பேர் தலையாட்டினார்கள். சீட்ஸ்கா, "அதானே பாத்தேன்!" என்றாள்.

டௌவே எழுந்தான்.

"நான் நாப்பது வருஷம் மாடு வெச்சிருந்தவன்" என்றான். அவன் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. "வெள்ளைப் பாரசீகப் பசுன்னு ஒண்ணை நான் பாத்ததில்லை. ஒண்ணு கேக்கறேன். என் தொழுவத்துல ஒரு தீனிப்பெட்டி இருந்துச்சு. மாடு கழுத்தை நீட்டினா, அது எந்த மாடுன்னு அதுக்குத் தெரியும். அதுக்கு எவ்வளவு தீனின்னும் தெரியும். கழுத்துப்பட்டையில ஒரு சில்லு. நானே தினம் மாட்டிவிட்டேன். அந்தப் பெட்டியை நான் ஒரு நாளும் ஐயான்னு கூப்பிட்டதில்லை." தொம்காவோடு மேசையை நெருங்கினான். "உங்களைக் கூப்பிட்டேன். சட்டைக் கையை மடிங்க."

"இது அவமரியாதை..."

"மடிங்க."

லாம்பெர்ட் பின்வாங்கினார். டௌவே அவர் மணிக்கட்டைப் பிடித்தான். கன்றுக்குட்டி இழுத்துப் பழகின கை, விடுமா? தொளதொளத்த அங்கி முழங்கைவரை ஏறியது. உள்ளே, தோலோடு தோலாக வார்ப்பட்டையில் கட்டிய, பலகை போன்ற தட்டைக் கருவி. திமிறினதில் நரைமுடி மறைத்த காதிலிருந்து கடலை அளவு ஒலிபெருக்கி ஒன்று நழுவி மேசையில் விழுந்தது. டௌவே அந்தக் கையை அப்படியே தொம்காவின் இடக் கழுத்துக்குக் கொண்டுபோனான்.

எல்லோரும் காத்திருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு நிமிடம். முனக ஆள் இல்லை.

மேசையில் கிடந்த கடலை கீச்சுக்குரலில் பேசியது: "அட்மிரல். ஹார்லிங்கன். ஏங்க, இது போன வாரம் வந்த கட்டி நாய்தானே? ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லி அனுப்பினீங்களே, அதான். கேக்குதா? லாம்பெர்ட்?"

வெளியே நின்ற லாம்பெர்ட்டின் சாம்பல் நிற வேனுக்கு ஹோசே ஓடினான். உள்ளே லாம்பெர்ட்டின் மனைவி ஹெஸ்டர், மடியில் கணினியோடு. கூட்டத்தின் துக்கம் தாங்க முடியாத மென்மையான மனசு என்பதால் அவள் உள்ளே வருவதில்லை என்று லாம்பெர்ட் சொல்லியிருந்தார். முன்பு ஒரு விலங்குக் காப்பகத்தில் வேலை பார்த்தவள். வேலையை விட்டாள், கடவுச்சொல்லை விடவில்லை. திரையில் பதிவேடு திறந்திருந்தது. கடைசி வரியில் தியோடோரா.

போலீஸ் வந்து இருவரையும் அழைத்துப்போகும்வரை ஊர் அவர்களுக்குக் காப்பி கொடுத்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கெட். டப்பா உடனே மூடப்பட்டது.

*

திங்கட்கிழமை தொம்காவின் கட்டியை ரென்ஸ்கா எடுத்துவிட்டார். நல்லவேளை, நச்சுக் கட்டி இல்லை. டௌவே வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தான். மயக்கம் தெளிந்து நாய் அவன் குரலுக்கு ஒரு கண்ணைத் திறந்தபோது, "தொம்கா" என்றான். பிறகு யாரும் கேட்காமல், தானாகவே, "டாக்டர், அந்தப் பதிவை மாத்தணும்" என்றான்.

அந்த வாரம் நின்கா மெழுகுக்கடியில் செருகியிருந்த சிப்பை மட்டும் எடுத்துவிட்டு, தியோடோராவைக் கடுகுச் சாந்தோடு அண்டை அயலுக்குப் பரிமாறினாள். சீட்ஸ்காவும் வந்து ஒரு துண்டு தின்றாள். தின்றுவிட்டு இழுத்தாள்:

"என்ன இருந்தாலும் நின்கா... அவர் கை வெச்சதுக்கப்புறம் எங்க மின்னா நல்லாத் தூங்குறா."

"பூனை தூங்குறது ஒரு அதிசயமாடி?"

"அதில்லை. லேவார்டன்ல ஒரு அம்மா இருக்காங்களாம். மனுஷங்களுக்கே பாக்குறாங்களாம். கையைக்கூட வைக்க வேண்டாமாம். நாம பேசினாப் போதும், பிறந்த தேதி, வீட்டுப் பேரு, பிள்ளைங்க பேரு எல்லாம் சொன்னாப் போதும், அப்படியே நம்ம வாழ்க்கையைச் சொல்லிடறாங்களாம்."

நின்கா நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கவில்லை.

"சீட்ஸ்கா, உன் பூனை கழுத்துல நெல்மணி அளவு ஒரு கண்ணாடி இருக்கு. அதுக்கு மூளை கிடையாது. யாராவது கிட்டக் கையைக் கொண்டுவந்தா முழிச்சு, தன் எண்ணை ஒப்பிச்சுட்டு மறுபடி தூங்கிடும். அதோட படைப்பே அப்படி. குத்தம் சொல்ல முடியாது. உனக்கு என்னடி வந்துச்சு?"